ஸ்லோ குக்கரில் கோழி பாஸ்தா

ஸ்லோ குக்கர் கோழி பாஸ்தா என்பது கோழிக்கறியைத் தக்காளிச் சாற்றுடன் மின்சார மெதுசமையல் கலனில் பல மணி நேரம் மெல்லிய சூட்டில் வேகவைத்து, இறுதியில் பாஸ்தாவும் பாலாடைக் கட்டியும் சேர்த்துச் செய்யும் இரவு உணவு ஆகும். இது அமெரிக்க ஐக்கிய நாட்டின் வீட்டுச் சமையலைச் சேர்ந்தது. அங்கு வேலைக்குச் செல்லும் பெற்றோரும் விடுதிக்கு வெளியே அறை எடுத்துத் தங்கும் மாணவர்களும் இதனை அடிக்கடி செய்கின்றனர். அடுப்பருகே நிற்க வேண்டியதில்லை, கிளறிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை, கழுவ வேண்டிய பாத்திரமும் குறைவு என்பன இதன் சிறப்புகள்.

எல்லாப் பொருள்களையும் காலையில் ஒன்றாகப் போட்டு மூடிவிட்டு, மாலையில் வந்து உண்ணலாம் என்று பலர் கருதுகின்றனர். இது முழுவதும் சரியன்று. கோழிக்குத் தேவையான நேரம் வேறு, பாஸ்தாவுக்குத் தேவையான நேரம் வேறு, பால் பொருள்களுக்குத் தேவையான நேரம் வேறு. எதை எப்போது சேர்ப்பது என்பதைப் பொறுத்தே இந்த உணவின் சுவையும் பதமும் அமைகின்றன. கோழியை எந்த நிலையில் கலனில் இடுகிறோம் என்பதைப் பொறுத்து உண்பவரின் உடல்நலமும் அமைகிறது.

கலனின் அமைப்பு

ஸ்லோ குக்கரில் மூன்று பகுதிகள் உள்ளன. வெளியே உலோகத்தாலான உறை. உள்ளே தடித்த பீங்கான் பாத்திரம். மேலே கண்ணாடி மூடி. உலோக உறையின் உட்சுவரைச் சுற்றி மின்சூடேற்றும் கம்பி அமைந்துள்ளது. இதனால் வெப்பம் அடியிலிருந்து மட்டும் வராமல் பக்கங்களிலிருந்தும் பரவுகிறது. பீங்கான் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். ஆகவே உணவு ஓரிடத்தில் அடிப்பிடிக்காமல் ஒரே சீராக வேகிறது.

பெரும்பாலான கலன்களில் ‘லோ’, ‘ஹை’, ‘வார்ம்’ என்று மூன்று நிலைகள் இருக்கும். ‘லோ’ நிலையில் வெப்பம் குறைவாகவும் ‘ஹை’ நிலையில் மிகுதியாகவும் நிற்கும் என்றே பலரும் எண்ணுவர். ஆனால் வழக்கமான கலன்கள் பலவற்றில் இரு நிலைகளிலும் உணவு இறுதியில் எட்டும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றே. கொதிநிலைக்குச் சற்றுக் கீழே, ஏறக்குறைய 98 டிகிரி செல்சியஸ் அளவில் அது நிற்கிறது. அந்த வெப்பத்தை எட்ட எடுத்துக்கொள்ளும் நேரமே வேறுபடுகிறது. ‘ஹை’ நிலையில் 3 முதல் 4 மணி நேரம், ‘லோ’ நிலையில் 7 முதல் 8 மணி நேரம் வரை ஆகலாம். ‘வார்ம்’ நிலை சமைப்பதற்கு உரியதன்று. வெந்த உணவைச் சூடாக வைத்திருப்பதற்கு மட்டுமே அது பயன்படும்.

மூடி இறுக்கமாகப் பூட்டப்படுவதில்லை. எழும் நீராவி மூடியில் பட்டுக் குளிர்ந்து, துளிகளாகத் திரும்ப உணவிலேயே விழுகிறது. எனவே நீர் வற்றுவது மிகக் குறைவு. அடுப்பில் செய்யும் குழம்புக்கு ஊற்றும் அளவு நீரை இதில் ஊற்றினால் சாறு நீர்த்துப் போகும். சமைக்கும்போது மூடியைத் திறந்தால் சேர்ந்திருந்த வெப்பம் வெளியேறிவிடும். ஒவ்வொரு முறை திறப்பதற்கும் ஏறத்தாழ 15 முதல் 20 நிமிடம் கூடுதலாகச் சமைக்க வேண்டியிருக்கும்.

வரலாறு

ஸ்லோ குக்கரின் தோற்றம் யூதர்களின் ஓய்வுநாள் உணவோடு தொடர்புடையது. வெள்ளிக்கிழமை மாலை தொடங்கிச் சனிக்கிழமை இரவு வரை நீளும் ஓய்வுநாளில் நெருப்பு மூட்டுவது யூத சமய நெறிப்படி விலக்கப்பட்டது. ஆகவே கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் இறைச்சி, பயறு, பார்லி, உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஒரு பானையில் இட்டு, வெள்ளிக்கிழமை மாலைக்கு முன்பே அடுப்பில் வைத்துவிடுவர். இரவு முழுவதும் மெல்ல வெந்த அந்த உணவை மறுநாள் பகலில் உண்பர். இதன் பெயர் சோலண்ட்.

அமெரிக்காவில் பிறந்த இர்விங் நாக்சன் என்ற கண்டுபிடிப்பாளரின் தாய் லித்துவேனியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். தம் சிறுவயதில் சோலண்ட் பானையை ஊர் ரொட்டிக்கடைக்கு எடுத்துச் சென்றதையும், வேலை முடிந்து அணைக்கப்பட்ட ரொட்டி அடுப்பில் எஞ்சிய சூட்டிலேயே அது இரவெல்லாம் வெந்ததையும் அவர் மகனுக்குச் சொல்லியிருந்தார். அதே மெல்லிய, சீரான சூட்டை மின்சாரத்தால் தரும் கலனை நாக்சன் வடிவமைத்தார். 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1940இல் காப்புரிமை கிடைத்தது. இக்கலன் பின்னர் ‘நாக்சன் பீனரி’ என்ற பெயரில், பயறு வேகவைக்கும் கலனாக விற்பனைக்கு வந்தது.

1970இல் கன்சாஸ் சிட்டியைச் சேர்ந்த ரைவல் நிறுவனம் நாக்சனின் தொழிலை வாங்கியது. பயறு மட்டுமன்றி இறைச்சி, குழம்பு, சூப் என்று பலவற்றையும் இதில் சமைக்கலாம் என்று கண்டு, 1971இல் ‘கிராக் பாட்’ என்ற புதுப் பெயரில் வெளியிட்டது. அமெரிக்கப் பெண்கள் பெருமளவில் வீட்டுக்கு வெளியே வேலைக்குச் செல்லத் தொடங்கியிருந்த காலம் அது. காலையில் வைத்துச் சென்றால் மாலையில் உணவு ஆயத்தமாக இருக்கும் என்ற விளம்பரம் அவர்களைக் கவர்ந்தது. தொடக்கத்தில் பாத்திரம் உறையோடு ஒட்டியே இருந்ததால் கழுவுவது கடினமாக இருந்தது. 1974இல் தனியே எடுத்துக் கழுவக்கூடிய பீங்கான் பாத்திரம் வந்தது. 1975இல் மேபிள் ஹாஃப்மன் எழுதிய ‘கிராக்கரி குக்கரி’ என்ற சமையல் நூல் பெரும் விற்பனை கண்டது. ‘கிராக் பாட்’ ஒரு வணிகப் பெயர் என்றாலும், இன்று அமெரிக்கப் பேச்சு வழக்கில் எந்த ஸ்லோ குக்கரையும் அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

கோழியும் பாஸ்தாவும்

பாஸ்தா இத்தாலிய உணவு. ஆனால் கோழித்துண்டுகளைப் பாஸ்தாவோடு கலந்து ஒரே தட்டில் பரிமாறுவது இத்தாலியில் பெருவழக்கன்று. அங்கு பாஸ்தா முதல் பரிமாற்றில் தனியாக வரும். கோழியோ பிற இறைச்சியோ அதன்பின் இரண்டாம் பரிமாற்றில் வரும். இரண்டையும் ஒன்றாக்கியது அமெரிக்கச் சமையல். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இலட்சக்கணக்கான இத்தாலியர்கள் அமெரிக்காவில் குடியேறினர். இறைச்சி அங்கு எளிதாகக் கிடைத்ததால் அவர்களின் உணவில் அதன் பங்கு கூடியது. இத்தாலியப் பாடகி லூயிசா டெட்ராசினியின் பெயரால் வழங்கும் ‘சிக்கன் டெட்ராசினி’ அக்காலத்தில் அமெரிக்காவில் தோன்றிய உணவு. கோழி, பாஸ்தா, காளான், பாலாடைச் சாறு சேர்ந்தது அது. இன்றைய ஸ்லோ குக்கர் கோழி பாஸ்தாவை அதே மரபின் எளிய வடிவம் எனலாம்.

சமைக்கும்போது நடப்பது

கோழியின் தொடைக்கறியில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசுவும் கொழுப்பும் மிகுதி. ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீண்ட நேரம் இருக்கும்போது கொலாஜன் மெல்ல மெல்லக் கரைந்து ஜெலட்டினாக மாறுகிறது. இதனால் கறி மிருதுவாகிறது, சாறும் கெட்டியாகிறது. நெஞ்சுக்கறியில் கொலாஜனும் கொழுப்பும் குறைவு. நீண்ட நேரச் சூட்டில் அதன் புரத இழைகள் சுருங்கி நீரை வெளியேற்றிவிடும். சாற்றில் மூழ்கியிருந்தாலும் உண்ணும்போது சக்கை போல இருப்பதற்கு இதுவே காரணம். எனவே 5 மணி நேரத்துக்கு மேல் வேகவைப்பதாக இருந்தால் தொடைக்கறியே ஏற்றது. நெஞ்சுக்கறியைப் பயன்படுத்துவோர் ‘லோ’ நிலையில் 3 முதல் 4 மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும்.

உலர் பாஸ்தா, டியூரம் என்னும் கடின வகைக் கோதுமையின் ரவையிலிருந்து செய்யப்படுகிறது. இத்தாலியில் உலர் பாஸ்தாவை இந்த ரவையால்தான் செய்ய வேண்டும் என்று 1967இல் சட்டமே இயற்றப்பட்டது. டியூரம் கோதுமையில் உள்ள புரதம் வலை போலப் பின்னி, மாவுச்சத்தைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கிறது. வெந்நீரில் இட்டதும் மாவுச்சத்து நீரை உறிஞ்சி உப்புகிறது. சரியான நேரத்தில் எடுத்தால் வெளியே மென்மையும் உள்ளே சற்றே உறுதியும் இருக்கும். நேரம் கடந்தால் புரத வலை தளர்ந்து, மாவுச்சத்து சாற்றில் கரைந்து, எல்லாம் கூழாகிவிடும். கொதிக்கும் நீரில் 10 முதல் 12 நிமிடத்தில் வெந்துவிடும் பொருளை 6 மணி நேரம் சூட்டில் வைத்தால் களிதான் மிஞ்சும். ஆகவே பாஸ்தாவைக் கடைசி அரை மணி நேரத்தில்தான் சேர்க்க வேண்டும்.

பால், பாலேடு, பாலாடைக் கட்டி ஆகியவற்றுக்கும் இதே விதிதான். தக்காளியின் புளிப்பும் நீண்ட நேரச் சூடும் சேர்ந்தால் பாலின் புரதம் திரிந்துவிடும். திரிந்த பாலால் கேடு ஒன்றும் இல்லை. ஆனால் சாறு வழுவழுப்பாக இல்லாமல் திப்பி திப்பியாக இருக்கும். இறுதியில், சூடு சற்றுத் தணிந்தபின் சேர்த்துக் கலந்தால் இக்குறை நேராது.

காய்கறிகளில் இன்னொரு வியப்பு உண்டு. கேரட், உருளைக்கிழங்கு போன்றவை ஸ்லோ குக்கரில் கறியைவிட மெதுவாகவே வேகும். தாவரச் செல்களை ஒட்டி வைத்திருக்கும் பெக்டின் இளக, கறி வேகத் தேவையானதைவிடக் கூடுதல் வெப்பம் வேண்டும். எனவே அவற்றைச் சிறிதாக நறுக்கிப் பாத்திரத்தின் அடியில் பரப்பி, அதன்மேல் கறியை வைப்பது வழக்கம்.

தேவையான பொருள்கள்

5 முதல் 6 லிட்டர் கொள்ளளவுள்ள கலனில் ஆறு பேருக்குச் சமைக்க:

எலும்பில்லாத, தோல் நீக்கிய கோழித் தொடைக்கறி – 900 கிராம்
நசுக்கிய தக்காளி (டப்பாவில் வருவது) – 800 கிராம்
கோழி எலும்பு வேகவைத்த சாறு அல்லது நீர் – 240 மில்லி லிட்டர்
பெரிய வெங்காயம் – 1, பொடியாக நறுக்கியது
பூண்டு – 5 பல், தட்டியது
காய்ந்த ஆரிகானோ – 2 தேக்கரண்டி
காய்ந்த பேசில் இலை – 1 தேக்கரண்டி
மிளகாய்த் துகள் – அரை தேக்கரண்டி
மிளகுத்தூள் – அரை தேக்கரண்டி
உப்பு – 1 தேக்கரண்டி, பின்னர் தேவைக்கேற்ப
ஆலிவ் எண்ணெய் – 1 மேசைக்கரண்டி
பென்னே அல்லது ஃபுசில்லி பாஸ்தா – 300 கிராம்
கிரீம் சீஸ் – 100 கிராம்
துருவிய பார்மேசன் சீஸ் – 50 கிராம்
நறுக்கிய பார்ஸ்லி அல்லது பேசில் தழை – ஒரு கைப்பிடி

டப்பாத் தக்காளி கிடைக்காத இடங்களில், நன்கு பழுத்த தக்காளி ஒரு கிலோவை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, மசித்து, ஓரளவு நீர் வற்றும்வரை அடுப்பில் சுண்டவைத்துப் பயன்படுத்தலாம்.

செய்முறை

1. கோழிக்கறி உறைநிலையில் இருந்தால் முந்தைய நாளே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றி, முழுவதும் உருகவிடவும். உறைந்த கறியை நேரடியாகக் கலனில் இடக்கூடாது.

2. வாணலியில் எண்ணெய் விட்டு, கறியின் இருபுறமும் இரண்டிரண்டு நிமிடம் சிவக்க வறுக்கவும். பிறகு அதே வாணலியில் வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கவும். நேரமில்லாதோர் இதை விட்டுவிடலாம், கறி வேகுவதில் குறை வராது. ஆனால் வறுபடும்போது வரும் மணமும் நிறமும் கலனுக்குள் உண்டாவதில்லை. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மயார் விளக்கிய அந்த வினை, ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில்தான் விரைவாக நடக்கும். கலனின் உள்ளே வெப்பம் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை.

3. வெங்காயம், பூண்டு, தக்காளி, எலும்புச் சாறு, காய்ந்த இலைகள், மிளகாய்த் துகள், மிளகுத்தூள், உப்பு ஆகியவற்றைப் பாத்திரத்தில் இட்டுக் கலக்கவும். கறியை அதில் மூழ்குமாறு வைக்கவும். பாத்திரம் பாதிக்குக் குறையாமலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மிகாமலும் நிரம்பியிருப்பது நல்லது.

4. மூடி வைத்து ‘லோ’ நிலையில் 5 முதல் 6 மணி நேரம், அல்லது ‘ஹை’ நிலையில் 3 மணி நேரம் வேகவிடவும். இடையில் மூடியைத் திறக்க வேண்டாம்.

5. கறியின் தடித்த பகுதியில் சமையல் வெப்பமானியைச் செருகிப் பார்க்கவும். 74 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். பிறகு கறியை வெளியே எடுத்து, இரண்டு முள்கரண்டிகளால் நார் நாராகப் பிரிக்கவும்.

6. கலனை ‘ஹை’ நிலைக்கு மாற்றி, வேகாத பாஸ்தாவைச் சாற்றில் இட்டுக் கிளறவும். பாஸ்தா முழுவதும் மூழ்கவில்லையெனில் 120 முதல் 240 மில்லி லிட்டர் கொதிநீர் சேர்க்கவும். குளிர்ந்த நீர் சேர்த்தால் கலன் மீண்டும் சூடேற நெடுநேரம் ஆகும். மூடி வைத்து 20 முதல் 30 நிமிடம் வேகவிடவும். 15ஆம் நிமிடத்தில் ஒருமுறை கிளறி, ஒன்றை எடுத்துக் கடித்துப் பதம் பார்க்கவும்.

7. பாஸ்தா சற்றே உறுதியாக இருக்கும்போதே கலனை அணைக்கவும். பிரித்த கறி, கிரீம் சீஸ், பார்மேசன் ஆகியவற்றைச் சேர்த்து, சீஸ் கரையும்வரை கலக்கவும். எஞ்சிய சூட்டில் பாஸ்தா மேலும் சிறிது வேகும். உப்பு பார்த்து, தழை தூவிப் பரிமாறவும்.

பாஸ்தாவின் பதத்தில் சிறு பிசகும் வரக்கூடாது என்று நினைப்போர் ஆறாவது படியை மாற்றிக்கொள்ளலாம். பாஸ்தாவைத் தனிப் பாத்திரத்தில் உப்பு சேர்த்த கொதிநீரில் வேகவைத்து, வடித்து, பரிமாறும் முன் சாற்றில் கலக்கலாம். கழுவ ஒரு பாத்திரம் கூடும், பதம் தவறாது. இம்முறையில் எலும்புச் சாற்றின் அளவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். சாற்றை உறிஞ்சிக் கெட்டியாக்க வேகாத பாஸ்தா அங்கு இல்லை.

உணவுப் பாதுகாப்பு

ஸ்லோ குக்கர் சரியாகப் பயன்படுத்தினால் பாதுகாப்பான கருவியே. பச்சைக் கோழிக்கறியில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் பாக்டீரியாக்கள் விரைந்து பெருகும். அமெரிக்க வேளாண்மைத் துறை இதனை ஆபத்து வெப்ப எல்லை என்கிறது. ஏற்ற சூழலில் அவை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு பாக்டீரியா 4 மணி நேரத்தில் 12 முறை இரட்டித்து 4096 ஆகிவிடும். மெதுவாகச் சூடேறும் கலனில் கறி இந்த எல்லையை எவ்வளவு விரைவாகக் கடக்கிறது என்பதுதான் முக்கியம். பின்வரும் விதிகள் அனைத்தும் இந்த ஒரு காரணத்திலிருந்தே எழுகின்றன.

உறைந்த கறி: உறைந்த கறியை இட்டால் அது உருகவே நெடுநேரம் பிடிக்கும். அதுவரை அதன் சில பகுதிகள் ஆபத்து எல்லையிலேயே கிடக்கும். இறுதியில் கொதித்தாலும் சிக்கல் தீர்வதில்லை. ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சில பாக்டீரியாக்கள் உண்டாக்கும் நச்சு, பாக்டீரியா இறந்தபின்னும் வெப்பத்தைத் தாங்கி நிற்கும். ‘எப்படியும் பல மணி நேரம் வேகத்தானே போகிறது’ என்ற வாதம் இங்குச் செல்லாது.

தாமதத் தொடக்கம்: சில கலன்களில் சில மணி நேரம் கழித்துத் தானே இயங்கத் தொடங்கும் வசதி உண்டு. பச்சைக் கறியை இட்டு இந்த வசதியைப் பயன்படுத்துவது தவறு. கறி அறைச்சூட்டில் காத்துக் கிடக்கும். இதற்கு மாறாக, சமைத்து முடித்ததும் தானே ‘வார்ம்’ நிலைக்கு மாறும் கலன்கள் பயனுள்ளவை. 6 மணி நேரச் சமையலை வைத்துவிட்டு 9 மணி நேரம் கழித்து வீடு திரும்புவோருக்கு அவை பொருந்தும்.

கழுவுதல்: சமைக்கும் முன் பச்சைக் கோழியைக் குழாய்நீரில் கழுவுவது பல வீடுகளில் வழக்கம். கழுவும்போது தெறிக்கும் நீர்த்துளிகள் கிருமிகளைத் தொட்டியிலும் அருகிலுள்ள பாத்திரங்களிலும் பரப்பும் என்பதால், அமெரிக்க, பிரித்தானிய உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் கழுவ வேண்டாம் என்றே அறிவுறுத்துகின்றன. கிருமியை அழிப்பது வேகவைக்கும் வெப்பமே. கறி நறுக்கிய பலகையையும் கத்தியையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவுவது இன்றியமையாதது.

மின்தடை: வீட்டில் ஆள் இல்லாதபோது மின்சாரம் நின்று திரும்பியிருந்தால், உணவு பார்வைக்கு வெந்தது போல் தோன்றினாலும் அதனை உண்ணக்கூடாது. எவ்வளவு நேரம் எந்த வெப்பத்தில் இருந்தது என்பதை அறிய வழியில்லை. வீட்டில் இருக்கும்போது மின்சாரம் நின்றால் உடனே கறியை எரிவாயு அடுப்புக்கு மாற்றி வேகவைத்து முடிக்கலாம். முழுவதும் வெந்தபின் மின்சாரம் நின்றிருந்தால் இரண்டு மணி நேரம் வரை கெடாது. மின்தடை மிகுந்த ஊர்களில் வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் இக்கலனைப் பயன்படுத்துவதே நல்லது.

மிச்ச உணவு: பரிமாறியபின் மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும். அறை வெப்பம் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வைக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல மாதங்களுக்கு இந்த இரண்டாம் விதியே பொருந்தும். 3 முதல் 4 நாள்களுக்குள் உண்டுவிட வேண்டும். மீண்டும் சூடாக்க அடுப்பையோ மைக்ரோவேவையோ பயன்படுத்த வேண்டும். ஸ்லோ குக்கரில் சூடாக்கினால் உணவு மறுபடியும் ஆபத்து எல்லையில் நெடுநேரம் தங்கும். பீங்கான் பாத்திரத்தோடு குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் கூடாது. தடித்த பீங்கான் சூட்டை விடாது பிடித்திருப்பதால் உணவு எளிதில் குளிராது. குளிர்ந்த பாத்திரத்தைச் சூடான உறையில் வைத்தால் விரிசல் விடவும் கூடும்.

அடிக்கடி நேரும் குறைகளும் தீர்வுகளும்

சாறு நீர்த்துப் போதல்: நீர் வற்றாது என்பதை மறந்து கூடுதலாக ஊற்றுவதே காரணம். இறுதியில் மூடியைத் திறந்து ‘ஹை’ நிலையில் 20 நிமிடம் வைக்கலாம். பாஸ்தாவைச் சேர்க்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும்.

பாஸ்தா ஒன்றோடொன்று ஒட்டுதல்: சாற்றில் மூழ்காமல் மேலே நிற்கும் பாஸ்தா ஒட்டிக்கொள்ளும். இட்டவுடன் ஒருமுறையும் பாதி நேரத்தில் ஒருமுறையும் கிளற வேண்டும். ஸ்பெகட்டி போன்ற நீண்ட வகைகளைவிட பென்னே, ஃபுசில்லி, ரிகட்டோனி போன்ற குட்டையான வகைகள் இக்கலனுக்கு ஏற்றவை.

சுவை மங்குதல்: நீண்ட நேரச் சூட்டில் இலைகளின் மணம் குறையும். காய்ந்த இலைகளைத் தொடக்கத்திலும் பசுந்தழைகளை இறுதியிலும் சேர்க்க வேண்டும். பரிமாறும் முன் சில துளி எலுமிச்சைச் சாறு பிழிந்தால் சுவை தூக்கலாக இருக்கும்.

பிரஷர் குக்கருடன் ஒப்பீடு

தமிழர் வீடுகளில் பழகிய பிரஷர் குக்கர் இதற்கு நேர் எதிரானது. அதில் நீராவி அடைபட்டு அழுத்தம் கூடுவதால் உள்ளே வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. கறி சில நிமிடங்களில் வெந்துவிடும். ஸ்லோ குக்கரில் அழுத்தம் இல்லை, வெப்பம் கொதிநிலையைத் தாண்டாது, நேரம் மட்டுமே உண்டு. பிரஷர் குக்கர் சமைக்கும் நேரத்தைக் குறைக்கிறது. ஸ்லோ குக்கரில் மொத்த நேரம் கூடினாலும் சமைப்பவர் அருகில் நிற்கும் நேரம் குறைகிறது.

மின்செலவும் அதிகமில்லை. பல கலன்கள் 200 முதல் 300 வாட் வரை மட்டுமே எடுத்துக்கொள்ளும். 250 வாட் கலன் 6 மணி நேரம் இடைவிடாது இயங்கினாலும் செலவாவது ஒன்றரை யூனிட் மின்சாரம்தான்.

வெளிநாட்டிலிருந்து கலனைக் கொண்டுவருவோர் மின்னழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு மின்னழுத்தம் 120 வோல்ட். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்ட கலனைச் செருகியின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் கொண்டு இங்கே இணைத்தால், கம்பி அளவுக்கு மீறிச் சூடேறிப் பழுதாகும், தீப்பிடிக்கவும் கூடும். அதற்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி தேவை.

மாற்று வடிவங்கள்

தக்காளிக்குப் பதிலாகக் காளானும் எலும்புச் சாறும் சேர்த்து வெள்ளைச் சாறாகச் செய்யலாம். கடைசிப் பத்து நிமிடத்தில் பசலைக் கீரை சேர்த்தால் அதுவும் பதமாக வெந்திருக்கும். கோதுமை ஒவ்வாதோர் அரிசி அல்லது பருப்பு மாவால் செய்த பாஸ்தாவைப் பயன்படுத்தலாம். அவை விரைவில் உடைந்துவிடும் என்பதால் தனியே வேகவைத்துக் கலப்பதே ஏற்றது.

இறைச்சி உண்ணாதோர் கோழிக்குப் பதில் வேகவைத்த கொண்டைக்கடலை சேர்க்கலாம். ராஜ்மா சேர்ப்பதாயின் ஓர் எச்சரிக்கை தேவை. பச்சை ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளூட்டினின் என்னும் நச்சுப் புரதம் உள்ளது. ஸ்லோ குக்கரின் மெல்லிய சூடு அதனை அழிக்கப் போதாமல் போகலாம். அரைகுறையாக வெந்த ராஜ்மா கடும் வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். எனவே குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அடுப்பில் வைத்துக் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட வேண்டும். 30 நிமிடம் கொதிக்கவிடுவது இன்னும் பாதுகாப்பானது. அதன்பிறகே ராஜ்மாவைக் கலனில் சேர்க்க வேண்டும்.